"புது ஹாப்பர் மாட்டுனதுல இருந்து சரியில்லண்ணே": அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

வாரக்கடைசியில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மலையேறி வரும் பசங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சாயம் நிரப்பிய குண்டால் சுட்டு எதிராளியை அவுட் ஆக்கும் ஆட்டம்தான் பெயின்ட்பால். கொடைக்கானலில் ஒரு பெயின்ட்பால் மைதானத்தில் துப்பாக்கிகளைக் கழுவுவதும் பழுது பார்ப்பதும் வாடகைக்கு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று விவரமானவர்கள் திருத்துவார்கள். எங்கள் வாயில் கன் என்றுதான் வரும். அதன் தலையில் உட்கார்ந்து குண்டு ஊட்டும் டப்பாதான் ஹாப்பர். லோடர் என்றாலும் அதுவே.

"சரியில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதி ஒளிந்திருக்கும். ஹாப்பரிலேயே கோளாறு இருக்கலாம். ஹாப்பர் நன்றாக இருந்து, குண்டும் குளிரும் சேர்ந்து படுத்தலாம். இல்லையென்றால் எல்லாமே ஒழுங்காக இருந்தும் அந்த ஹாப்பர் உங்கள் ஆட்டத்துக்கு ஒத்துவராமல் இருக்கலாம். முதல் இரண்டையும் கழித்துவிட்டுத்தான் மூன்றாவதற்கு வர வேண்டும். தலைகீழாகச் செய்தவர்கள் நல்ல ஹாப்பரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கொடுத்த காசுக்காகப் பொருந்தாததைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கை வைக்கும் முன் ஒரு ஒழுங்கு. குழல் வாயில் உறை போடுங்கள். ஹாப்பரைக் கழற்றிக் குண்டுகளைக் கொட்டுங்கள். பிறகு காற்று சிலிண்டரைக் கழற்றுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் காற்றை ஆளில்லாத பக்கம் தரையைப் பார்த்துச் சுட்டு வெளியேற்றுங்கள். இது முடியும்வரை முகமூடி முகத்திலேயே இருக்கட்டும். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் கன் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு சுடு, சில சமயம் இரண்டு, உள்ளே காத்திருக்கும்.

"உள்ள எல்லாம் கூழா இருக்குண்ணே"

அதிகம் வரும் புகார் இதுதான். எங்கே கூழ் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குழலுக்குள் மட்டும் என்றால் ஹாப்பரை விட்டுவிடுங்கள். குண்டு குழலுக்குப் பெரிதாக இருக்கிறது, அல்லது போன ஆட்டத்தில் உடைந்த சாயம் உள்ளேயே காய்ந்திருக்கிறது.

குழலுக்குப் பின்னால், குண்டைக் குழலுக்குள் தள்ளும் போல்ட் வந்து போகும் இடத்தில் கூழ் என்றால் குண்டு முழுசாக இறங்கும் முன்னே போல்ட் வந்து நறுக்கிவிட்டது. இதைத்தான் சாப் என்பார்கள். எலக்ட்ரானிக் கன்னில் குண்டு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கண் இருக்கும். குண்டு வராமல் போல்ட்டை விடாது. வாடகைக்குக் கிடைக்கும் மெக்கானிக்கல் கன்னில் அந்தக் கண் கிடையாது. ஆகவே ஹாப்பர் தாமதித்தால் நறுக்கல்தான். ஆனால் உடனே ஹாப்பர்மேல் பழி போடாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் போட்டு ஆடுகிறீர்களா? 20 டிகிரியில் அந்த சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 830 பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். 10 டிகிரியில் 650தான். டிசம்பர் காலை எட்டு மணிக்கு இங்கே 10 டிகிரி இருந்தாலே வெயில் வந்துவிட்டது என்போம். அழுத்தம் குறைந்தால் போல்ட் முழுசாகப் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டாமல் பாதியில் திரும்பி வந்து நறுக்கும். அழுத்திய காற்று சிலிண்டரை ஒரு ஆட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். நறுக்கல் நின்றால் ஹாப்பர் நிரபராதி.

ஹாப்பரின் வயிற்றுக்குள்ளேயே கூழ் என்றால்தான் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். அங்கேயும் முதலில் குண்டைத்தான் விசாரிக்க வேண்டும்.

குண்டின் தோல் ஜெலட்டின். ஈரம் பட்டால் குடித்து உப்பும். குளிர் பட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். இரண்டும் ஒரே நாளில் நடக்கிற ஊர் இது. சமவெளியில் பாக்கெட்டைப் பிரித்து, பாதியை ஆடிவிட்டு, மீதியை அப்படியே கட்டி எடுத்து வருவார்கள். வத்தலகுண்டு தாண்டி ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது மேலே காற்றழுத்தம் குறைவதால். குண்டுப் பைக்குள் நடப்பது வேறு. கீழே அடைபட்ட சூடான ஈரக்காற்று இங்கே வந்து குளிர்ந்ததும், பையின் உள்பக்கம் டீ டம்ளர் மூடியில் நிற்பதுபோல வேர்த்து நிற்கும். அந்த நீரை ராத்திரி முழுக்க ஜெலட்டின் குடிக்கும். காலையில் ஹாப்பரில் கொட்டும்போது எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு எவர்சில்வர் தட்டு போதும். பத்துக் குண்டை எடுத்துத் தட்டைச் சாய்த்து உருட்டுங்கள். நல்ல குண்டு நேராக ஓடும். உப்பியது நடுவில் தயங்கி, கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கும். அடுத்து ஒன்றைக் குழலின் பின்வாயில் வையுங்கள். அங்கேயே நிற்க வேண்டும், வாயால் ஊதினால் ஓட வேண்டும். ஊதியும் அசையவில்லை என்றால் பெருத்துவிட்டது. கடைசியாக, ஆள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஒன்றைப் போடுங்கள். முதல் விழுகையிலேயே சிதறினால் நொறுங்கும் குண்டு. ஏழெட்டு முறை போட்டும் துள்ளிக்கொண்டே இருந்தால் ஈரம் ஏறி ரப்பராகிவிட்டது; அது எதிராளி மேலும் உடையாது.

நொறுங்கும் குண்டும் தள்ளும் ஹாப்பரும் சேரவே கூடாது. அந்த வகை ஹாப்பர் கூம்பும் ஸ்பிரிங்கும் வைத்துக் குண்டு வரிசையைக் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும். மோட்டார் இல்லாமல் குண்டு தானாக விழும் வெறும் டப்பாவில் ஒன்றும் ஆகாத குண்டு இதில் அப்பளம் ஆகிவிடும். வேகமோ அழுத்தமோ குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். குண்டை வண்டியின் பின்பக்கம் போடாமல், ராத்திரி ஆட்கள் தூங்கும் அறையிலேயே வையுங்கள். மனிதனுக்கு இதமான சூடுதான் அதற்கும். உப்பிப்போனதைக் காயவைத்துக் காப்பாற்றலாம் என்று மட்டும் முயலாதீர்கள். நான் முயன்று ஒரு பெட்டியைத் தொலைத்திருக்கிறேன்.

கூழைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் போதும், உள்ளே இருப்பது தண்ணீரில் கரையும் சாயம்தான். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். கழுவியதை நன்றாகக் காயவிடுங்கள். மூடுபனிக் காலத்தில் இங்கே ஜீன்ஸே மூன்று நாளைக்குக் காயாது. உள்ளே நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் அடுத்த ஆட்டத்துக் குண்டை உப்ப வைக்கும், நீங்கள் மறுபடி என்னிடம் வருவீர்கள்.

"ரெண்டு அடிச்சா மூணாவது காத்துதான் வருது"

வெறும் டப்பா ஹாப்பர் வைத்திருந்தால் இது கோளாறு இல்லை, அதன் குணம். குண்டின் விட்டம் 0.68 அங்குலம், சுமார் 17.3 மில்லிமீட்டர். ஒரு பொருள் நின்ற இடத்திலிருந்து அந்தத் தூரம் விழ ஏறக்குறைய 0.06 நொடி ஆகும். தடை எதுவுமே இல்லாவிட்டாலும் நொடிக்கு 16, 17 குண்டுக்கு மேல் புவியீர்ப்பு ஊட்டாது. நிஜத்தில் போல்ட் வழிவிட வேண்டும், கழுத்தில் உரச வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் ஹாப்பர் வாயில் நாலைந்து குண்டு தோளோடு தோள் சேர்ந்து வளைவு கட்டி நின்றுவிடும். புனலில் அரிசி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஆக ஆறேழு கிடைத்தால் பெரிது. கன்னை ஒரு உலுக்கு உலுக்கினால் வளைவு கலையும்.

கேள்வி, உலுக்குவது உங்களுக்குத் தொந்தரவா என்பது. மெக்கானிக்கல் கன்னில் ஒரு விரலால் நொடிக்கு ஐந்து தடவை இழுத்தாலே கை வேகமானவர். அவருக்கு நொடிக்கு 20க்கு மேல் ஊட்டும் ஹாப்பர், ஆட்டோவுக்கு லாரி டயர். மோட்டாரில் துடுப்பு சுற்றி வளைவைக் கலைக்கும் நடுத்தர வகையே தாராளம். எலக்ட்ரானிக் கன் வைத்துத் தொடர்ந்து சுடுபவருக்குத்தான் தள்ளும் ஹாப்பர் வேலை செய்யும்.

மோட்டார் ஹாப்பரிலும் இதே புகார் வந்தால் கழுத்தைப் பாருங்கள். ஹாப்பரின் கழுத்து எல்லா கன்னிலும் ஒரே இறுக்கத்தில் உட்காராது. வாடகை கன்களில் ஹாப்பரைக் கன்னோடு சேர்க்கும் வளைந்த எல்போ குழாய் இதில் மோசம். கையால் ஆட்டினால் ஹாப்பர் ஆடுகிறதா? ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்பில் தீர்ந்த பிரச்சனைக்காக ஹாப்பரைத் திருப்பி அனுப்பியவர்களைத் தெரியும்.

"சும்மா இருக்கறப்ப சுத்துது, சுடறப்ப சுத்தமாட்டேங்குது"

சுடும்போது சுற்றவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. அல்கலைன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. கீழே முழு பலத்தோடு இருந்தது இங்கே கிழவனாகிவிடும். பேட்டரிகளைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப மாட்டியதும் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. புதிது ஒன்று, பழையது இரண்டு என்று கலந்து போடாதீர்கள். குளிர்மாதங்களில் லித்தியம் ஏஏ வாங்குவது மலைக்காரனுக்குச் செலவு இல்லை.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து கண். கழுத்தில் குண்டு இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைத் திருப்பும் வகைகளில், அந்தக் கண்மேல் காய்ந்த சாயம் படிந்தால் குண்டு நிறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மோட்டார் சும்மா இருக்கும். ஈரத்துணி சுற்றிய காது குடையும் பஞ்சுக் குச்சி போதும்.

சும்மா இருக்கும்போது சுற்றுவது பெரும்பாலும் வேறு வகையில். சுடும் அதிர்வை உணர்ந்து திரும்பும் ஹாப்பர்கள் உண்டு. பைன் மரங்களுக்கு நடுவே சரிவில் தடதடவென்று இறங்கினால் உங்கள் கால் அதிர்வையே சுடுவதாக எடுத்துக்கொள்ளும். உணர்திறனைக் குறைக்கும் வழி இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால், சமதரை மைதானத்துக்காகச் செய்த ஹாப்பரை மலைச்சரிவில் ஓட விடுகிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

"குண்டு சட்டுனு தீந்துபோகுதுண்ணே"

இங்கே ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிடலாம். இனி விசாரணை உங்கள் ஆட்டத்தைப் பற்றி.

எத்தனை சுடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் "ஒரு அம்பது இருக்கும்" என்பார்கள். நான் வாயை நம்புவதில்லை, தராசைத்தான். பக்கத்துக் கடையில் பூம்பாறைப் பூண்டு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் நிரப்பிய ஹாப்பரை நிறுங்கள். முடிந்ததும் வழியில் யாருக்கும் குண்டு கடன் கொடுக்காமல் வந்து மறுபடி நிறுங்கள். ஒரு குண்டு சுமார் 3 கிராம். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் உங்கள் உண்மை தெரிந்துவிடும். பழைய ஹாப்பரில் மூன்று ஆட்டம், புதியதில் மூன்று ஆட்டம். அதற்குக் குறைவாகப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

மதுரைத் தம்பி ஒருவன் தள்ளும் ஹாப்பர் வாங்கிக்கொண்டு வந்தான். பழைய டப்பாவில் அவன் கணக்கு 190, 240, 165 கிராம். அதாவது ஆட்டத்துக்கு ஐம்பத்தைந்திலிருந்து எண்பது குண்டு. புதியதில் முதல் ஆட்டத்திலேயே 540 கிராம். நூற்றெண்பது! எத்தனை பேரை அவுட் ஆக்கினாய் என்றேன். ஒன்று. பழையதில்? "ரெண்டு, சமயத்துல மூணு."

"முன்னல்லாம் ரெண்டு அடிச்சிட்டு அடுத்த மரத்துக்கு ஓடிருவ. இன்னிக்கு ஒரே மரத்தடியில உக்காந்துட்டியேப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆமாண்ணே. அடிச்சுக்கிட்டே இருக்கலாம்னு தோணுது. எந்திரிக்கவே மனசு வரல."

அவனுடைய ஹாப்பரில் ஒரு கோளாறும் இல்லை. அவன் ஓடி முன்னால் போய் ஆளைப் பிடிக்கும் ரகம். நிறையக் குண்டு கையில் இருந்தது அவனை உட்கார வைத்துவிட்டது. "அப்ப வித்துரவாண்ணே?" என்றான். அடுத்த ஆட்டத்துக்கு அவன் மச்சானிடம் மாட்டிக் கொடுக்கச் சொன்னேன். மச்சான் கொஞ்சம் கனத்த உடம்பு, ஓட மாட்டார், பின்னால் நின்று எதிராளியைத் தலை தூக்க விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார். அவருக்குப் பழைய டப்பாதான் இத்தனை நாள் இடைஞ்சலாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஹாப்பரை மாற்றிக்கொண்டார்கள், கூடக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பற்றி மட்டும் வத்தலகுண்டு வரை சண்டை போட்டிருப்பார்கள்.

பெயின்ட்பாலின் முதல் ஆட்டமே இந்தத் தம்பியின் கட்சி. 1981 ஜூன் 27, அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊர்க் காடு, 12 பேர். கையில் மரத்துக்கும் மாட்டுக்கும் சாய அடையாளம் வைப்பதற்கான நெல்ஸ்பாட் 007 துப்பாக்கி. வென்றவர் ரிச்சி ஒயிட், காட்டு வேலை தெரிந்தவர். ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு எந்த ஹாப்பரும் பொருந்தியிருக்கும்!

தராசுக் கணக்கில் உங்கள் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் ஏறி, அவுட் ஆக்கியது ஏறவில்லை என்றால் ஹாப்பர் உங்களைச் சுட வைக்கிறது. எண்ணிக்கை ஏறி, உங்கள் கூட்டாளிகள் முன்னேற முடிந்தது என்றால் அது உங்களுக்கான சாமான்தான். அப்போது 140 குண்டு கொள்ளும் பாட் என்ற குழாய் டப்பா இரண்டு, அவற்றை இடுப்பில் கட்டும் பட்டி எல்லாம் கூடவே வரும் செலவு என்பதையும் கணக்கில் சேருங்கள். நொடிக்குப் பத்து சுட்டால் 200 குண்டு ஹாப்பர் இருபது நொடியில் காலி.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்த உயரத்தில், சுமார் 2,100 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குண்டு சமவெளியில் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். புது ஹாப்பர் மாட்டியதால் எட்டுகிறது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். ஹாப்பருக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை. மேலே வந்ததும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோ கருவியில் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 300 அடியைத் தாண்டினால் மைதானத்துக்குள் விடமாட்டோம்.

"நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகுது"

மூடுபனி இறங்கினால் இங்கே பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, ஆட்டமே காதால்தான். பாதி காலியான டப்பா ஹாப்பர் ஓடும்போது கிலுகிலுப்பை. மோட்டார் ஹாப்பர் நீங்கள் அசையாமல் இருக்கும்போதுகூட ஒரு "ர்ர்ர்" போடும். ஒரு முறை அந்தச் சத்தத்துக்குப் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது; கன்னைத் தாழ்த்திக்கொண்டு எல்லோரும் பின்வாங்கினோம், காட்டெருமை. எந்த ஹாப்பராக இருந்தாலும் அது வந்தால் ஆட்டம் நிற்கும்.

பதுங்கி ஆடுபவர் என்றால் வாங்குவதற்கு முன் ஹாப்பரைப் பாதி நிரப்பிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உயரத்தையும் பாருங்கள். எங்கள் மைதானத்தில் ஹாப்பர்மேல் குண்டு உடைந்தாலும் அவுட். பைன் மரம் மெலிந்தது, உங்களை மறைக்கும், தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் டப்பாவை மறைக்காது. நண்பர் ஒருவரை எதிரே நிறுத்தி, மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பாருங்கள். உங்கள் கண் தெரிவதற்கு முன் ஹாப்பர் தெரிகிறதா என்று அவர் சொல்லட்டும்.

"கை கடுக்குது"

200 குண்டே 600 கிராம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹாப்பர் தன் பங்குக்கு அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பாதிதான் சுடுகிறீர்கள் என்று தராசு சொன்னால் பாதியே நிரப்புங்கள், தீர்ந்தது. அப்படியும் கடுத்தால் பத்துக் குண்டுக் குழாயை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துச் சுடும் பம்ப் கன்னை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பிடித்துவிட்டால் ஹாப்பர் பேச்சே இல்லை. பிடிக்காதவர்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இறங்கும் முன் ஹாப்பரைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் டிக்கிக்குள் மோட்டார் தானாகச் சுற்ற ஆரம்பித்து, பாம்பு புகுந்துவிட்டது என்று வண்டியை நிறுத்தி இறங்கிய குடும்பம் ஒன்று எனக்கு போன் செய்திருக்கிறது.